இறங்கிய சுருதி

பின்னாலிருந்து அத்தானின் மூச்சு என் கழுத்தில் படுகிறது. வயிறு நிறைய இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு குரலாக விடுகிற மூச்சு. பெண்கள் முன்வரிசை, ஆண்கள் பின்வரிசை. நான் வலது ஓரம், அவர் எனக்கு நேர் பின்னால். பாட்டுக்குழுவை நடத்துகிற ரெஜினால்ட் மாஸ்டர்தான் அப்படி நிறுத்தினார். சுருதி கொடுக்கிறவளும் அடிக்குரலும் கிட்டக்கிட்ட இருந்தால்தான் கோயர் நிற்கும் என்றார். கோயர் நிற்கிறது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம், கோவில் நிறைய ஜனம், மெழுகுதிரி ஆடக்கூடாதென்று மின்விசிறிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள், எல்லோருடைய வேர்வையும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரே வாடையாகிவிட்டது. பீடத்துக்கு முன்னால் முக்கோணத் தண்டில் திரிகள். ஒரு பாட்டு முடிய ஒரு திரி அணையும். உபதேசியார் நீளக் கம்பியின் முனையிலுள்ள தகரத் தொப்பியைத் திரியின் தலையில் கவிழ்ப்பார், புகை நூலாக எழும், மறுபடி பாட்டு. எல்லாம் அணைந்தால் வழிபாடு முடியும். வழிபாடு முடிந்தால், சில வாரமாக எங்கள் வீட்டில் இருக்கிற அக்கா அத்தானோடு போவாள். மத்தியானம் எங்கள் வீட்டில் ஃபாதரை வைத்து அப்படித்தான் பேசி முடித்தார்கள். கோவிலுக்கு ரெண்டு வீட்டாரும் வருகிறோமே, அங்கேயிருந்தே கூட்டிக்கொண்டு போகட்டும், நல்ல நாள் பெரிய நாள் என்று அம்மாதான் சொன்னாள். இன்னும் பாதித் திரி எரிகிறது. இவை அணையாமலே இருக்கட்டும் என்று வேண்டலாமா, இருள் வழிபாட்டில் நின்றுகொண்டு அப்படி வேண்டுவது பாவமா, தெரியவில்லை. அக்கா முதல் பெஞ்சில் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். இடது கையில் மாவுக்கட்டு, அதன்மேல் முக்காட்டை இழுத்து விட்டிருக்கிறாள், வெள்ளை மட்டும் விரல் பக்கம் கொஞ்சம் தெரிகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். ஊருக்கு அதுதான். ஃபாதருக்கும் அதுதான். "நீயே சொல்லும்மா டெல்ஃபின், என்ன நடந்துச்சு?" என்று ஃபாதர் கேட்டபோது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "வழுக்கிட்டேன் ஃபாதர், சோப்பு கெடந்துச்சு" என்றாள். சோப்பு என்று சேர்த்துக்கொண்டாள். யாரும் கேட்காத சோப்பு. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி இல்லயே ஜெசி. ஒன் மூஞ்சி மாதிரியே இருக்கு காப்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். கல்யாணமாகாத பெண் பெரியவர்கள் பேசும் இடத்தில் நிற்க வேண்டாம் என்று அம்மா கண்ணைக் காட்டினாள், நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சிரிப்பு உள்ளேயும் வந்தது.

ஒரு திரி. புகை. அடுத்த பாட்டுக்கு முன்னால் நான் சுருதி பார்க்கிற இசைக்கவையை முழங்காலில் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கிறேன். சத்தம் வெளியே யாருக்கும் கேட்காது, என் மண்டைக்குள் மட்டும் நிறையும். கோயர் சரியான இடத்தில் இல்லை. இறங்கிவிட்டது. எப்போதும் இந்த இடத்தில்தான் இறங்க ஆரம்பிக்கும். பெரிய வாரத்தில் ஆர்கன் வாசிக்கிறதில்லை, வெறும் குரல்தான், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதுவும் இந்த ஆளுடைய பாட்டில். ஒட்டாவியோ சான்ஃபெலே. இத்தாலிக்காரன், பிரபு வம்சம், சொந்தமாகக் கோட்டை. ஒரு ஸ்வரக்கூட்டத்தில் நிற்க வைப்பான், நாம் கால் ஊன்றியதும் தரையை உருவிவிட்டு, சம்பந்தமே இல்லாத இன்னொன்றில் கொண்டுபோய்ப் போடுவான். முதல் தடவை பாடிப் பார்த்தபோது பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாலாவது தடவையில் அழுகை வந்தது. அவ்வளவு அழகு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். வழிபாடு தொடங்கும்போது ஃபாதர் மைக்கில் வாசித்தார்: தம் அன்பு மனைவியை இழந்த துயரத்தில் இந்த மேதை இயற்றிய பாடல்கள். இழந்த. குடையை இழந்த மாதிரி. பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கின மாதிரி. அந்த வார்த்தை அப்போதிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு இருக்கிறது, பாடும்போதும் போகவில்லை. அந்த மனைவிக்குப் பெயர் லவுதோமியா. பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் தடவை அவன் அடித்ததில் விலா எலும்பு. அண்ணன்மார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், ஆயர், அதாவது பிஷப், வந்து பேசி, கோவில் வாசலில் வைத்துச் சேர்த்துவைத்தார். இரண்டாவது தடவை ஒரு கண். மறுபடி ஆயர் வந்தார். மூன்றாவது தடவை கோட்டைப் படிக்கட்டு, மேலிருந்து கீழ்வரை. அதற்குப் பிறகு யாரும் சேர்த்துவைக்கத் தேவைப்படவில்லை. நான் படித்தது ஒரு கட்டுரையில், அதை எழுதியவர் எங்கே படித்தாரோ, எல்லாம் இப்படியே நடந்திருக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஊர் மணிகளின் சுருதி தன் பாட்டோடு இடிக்கிறதென்று மணிகளின் நாக்கைக் கழற்றி வைத்தானாம், தீப்பிடித்த அன்று கோடாலியால் மணியை அடித்து ஊரை எழுப்பினவனை மறுநாள் கட்டி வைத்து அடித்தானாம், தொண்டை கட்டிப்போய்ப் பாட வந்த ஒருவனின் பல்லை உடைத்தானாம், அதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அதிசயமாக ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்தவரைப் பற்றிப் படிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் ஒரு வேலைக்காரி இருந்திருக்கிறாள். விசாரணையில் அவளிடம், பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, கேட்டேன் என்றாள். கேட்டதெல்லாம் சாட்சி ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் எங்கே போனாள், அதற்கப்புறம் அந்தப் பாட்டுகளை எந்தச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டாள், கட்டுரையில் இல்லை.

இதை நான் கோயரில் சொன்னேன். மாஸ்டர்தான் சொல்லச் சொன்னார். "நீதான காலேஜ் படிச்சவ, பாட்டு எழுதுனவர் பத்தி ரெண்டு வார்த்த பேசும்மா, தெரிஞ்சு பாடுனா நல்லா பாடுவாங்க." எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதான், அதனால் யார் எதைச் சொல்லச் சொன்னாலும் நான் ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வந்து சொல்வேன், ஒரு தேதி தப்பினால் சோறு இறங்காது. சொல்லி முடித்ததும் மேல்குரல் பாடுகிற சோப்ரானோ பெண்கள் முகம் சுளித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் செத்து நானூறு வருஷம் ஆச்சும்மா. பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து அத்தான், "அந்தப் பொம்பள இவன பாட விட்டிருக்க மாட்டா மாஸ்டர். வரிக்கு வரி கொறவு சொல்லிருப்பா. அதான் உருட்டி விட்டுட்டான்" என்றார். ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும். கதவுப் பக்கம் அத்தானுடைய டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள், அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே என்னைப் பார்த்தாள், நான் பார்த்தேனா என்று பார்த்தாள். அத்தானுக்கு நல்ல குரல். இந்தக் கரையில் அவர் மாதிரி அடிக்குரல் கிடையாது, சாவு விழுந்த கேதவீட்டில் அவர் பாடினால் பெற்ற பிள்ளைகளுக்கு வராத அழுகை வரும், இப்படிப் பாடுகிறவன் கெட்டவனாக இருப்பானாட்டி என்று அம்மா எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாதாப் பாட்டு ஒன்று பாடினார். அம்மா அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா செத்து வருஷம் திரும்பாத வீடு. ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா வெடித்துச் செத்த அப்பாவுக்கு அன்றைக்குத்தான் யாரோ சரியாகத் துக்கம் கேட்ட மாதிரி இருந்தது என்றாள். அந்தக் குரல்தான் இப்போது என் முதுகெலும்பில் அதிர்கிறது. இறங்கி அதிர்கிறது. மயிரிழை, இன்னொரு மயிரிழை. அடிக்குரல் தரை மாதிரி, தரை இறங்கினால் மேலே நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள், எல்லோரும் சேர்ந்து இறங்கினால் இறங்கினது யாருக்கும் தெரியாது. அதுதான் இதில் உள்ள மோசம். கேட்கிறவர்களுக்குத் தெரியாது, பாடுகிறவர்களுக்கும் தெரியாது. கவை ஒன்றுக்குத்தான் தெரியும். கவைக்கு யாரையும் தெரியாது, யார் வீட்டு மருமகன் என்று தெரியாது.

நான் அதைத்தான் சொன்னேன். போன மாதம் ஒத்திகையில். மாஸ்டர் கேட்டார், நான் சொன்னேன். "சுருதி எங்க எறங்குது ஜெசிந்தா?" "பேஸ்ல, சார்." ரெண்டே வார்த்தை. மாஸ்டர் அடிக்குரலை மட்டும் தனியாகப் பாடச் சொன்னார், மறுபடி பாடச் சொன்னார், கவையை அவர் காதிலேயே கொண்டுபோய் வைத்தார். "கிளமெண்ட், கேக்குதா? ஒனக்கே கேக்குதா?" அத்தான் சிரித்துக்கொண்டே நின்றார். "கேக்குது மாஸ்டர். கொழுந்தியா காது பாம்புக் காதுல்லா" என்றார். வெளியே வரும்போது என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். நான் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்தபோது அக்கா போன் பண்ணினாள். "ஏ ஜெசி, இந்தப் பருப்பு வேகவே மாட்டேங்குது, நீ எங்க வாங்குன?" என்றாள். நான் கடையின் பெயரைச் சொல்வதற்குள் கதவு திறக்கும் சத்தம். "யார்ட்ட பேசுத?" "ஜெசிட்ட." "ஓ. கேளு, நல்லாக் கேளு. ஒன் தங்கச்சிக்குக் காது நீளமாம். பேஸ் எறங்குதாம். அத்தன பேர் முன்னால வச்சு எனக்குச் சொல்லித் தாறா." போன் கீழே விழுந்தது. விழுந்தும் அணையவில்லை. நான் கட் பண்ணவில்லை. கட் பண்ணினால் அங்கே அவள் தனியாகிவிடுவாள் என்று பட்டது, அது என்ன யோசனை என்று இன்றைக்கும் விளங்கவில்லை. முதலில் பாத்திரம் உருண்டது. அப்புறம் சதையில் விழுகிற அடி, ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம், அவசரமே இல்லாமல், ஒன்று விழுந்து அது அடங்கினபிறகு இன்னொன்று. அக்கா கத்தவில்லை. "சன்னல் தெறந்திருக்கு" என்றாள். "என்னங்க, சன்னல் தெறந்திருக்கு." அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் போய்ச் சன்னலைச் சாத்தினார், கொண்டி போடுகிற சத்தம் கேட்டது, திரும்பி வந்தார். கதவு. எதையோ கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துகிற சத்தம். எலும்பு முறிகிற சத்தத்துக்குச் சுருதி கிடையாது. பச்சை முருங்கைக்கொம்பை ஒடிக்கிற மாதிரி, ஆனால் ஒடிந்த பிறகும் நார் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி. அதற்கு அப்புறம்தான் அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை நான் சொல்ல மாட்டேன். பிறகு அவர் பாட ஆரம்பித்தார். சான்ஃபெலேயின் பாட்டு, அடிக்குரல் வரி, முதலிலிருந்து. நான் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுருதி சுத்தமாக இருந்தது. ஒரு மயிரிழை இறங்கவில்லை. சரியாகப் பாடுகிறார் என்று என் காது சொல்லிற்று. அதைச் சொன்ன காதை அறுத்து எறிய வேண்டும்போல் இருந்தது.

இன்னொரு திரி. கோவில் பாதி இருட்டு. அம்மாவின் முகம் அழிந்துவிட்டது, ஜெபமாலை உருளுகிற கை மட்டும் தெரிகிறது. அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். "நீ பாத்தியா?" என்றாள். "கேட்டேம்மா." "கேட்டத வச்சி ஒரு குடும்பத்தப் பிரிக்க முடியுமாட்டி? அவளே வழுக்கி விழுந்தேன்னு சொல்லுதா. நீ என்ன அவளுக்கு மேல?" அக்காவிடம் கேட்டேன். "நீ இதுல தலயிடாத. அவிய கோவம் ஒரு நேரந்தான். பாட்டு சரியா வரலன்னா அவியளுக்கு மூள கலங்கிரும்" என்றாள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறோம். முதலில் கன்னத்தில் ஒரு அறை, அது எல்லா வீட்டிலும் உள்ளது. அப்புறம் பெல்ட், அது குடித்த அன்றைக்கு மட்டும். அப்புறம் குடிக்காத அன்றைக்கும். ஒவ்வொரு தடவையும் இதுதான் தரை என்று நின்றுகொண்டோம், எல்லோரும் ஒன்றாக நின்றதால் ஆட்டம் தெரியவில்லை. மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் கவையைக் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று என் முகத்திலிருந்தே படித்துக்கொள்வார். உள்ளங்கையைக் கீழே காட்டி அழுத்துகிறார். இறங்கின இடத்திலேயே கொடு என்று அர்த்தம். இது எல்லாக் கோயரிலும் உள்ள வழக்கம், தப்பு ஒன்றும் இல்லை. பாதியில் சரியான சுருதிக்கு ஏற்றினால் ஜனங்களுக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும், எங்கே இறங்கினோமோ அங்கேயே நின்று சமாளித்துப் பாடிவிட்டால் மானம் தப்பும். நான் மண்டைக்குள் ஒலிப்பதை விட்டுவிட்டு, இறங்கின ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து, வாயை மூடி முனகுகிறேன். கோயர் பிடித்துக்கொள்கிறது. பின்னால் அத்தான் சன்னமாக, "நல்ல பிள்ள" என்கிறார்.

நல்ல பிள்ளை. இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருந்தால் அக்காவுக்கு ராத்திரி நல்லபடியாகப் போகும். அவ்வளவுதான் கணக்கு. பாட்டு நல்லபடியாக முடிந்து, ஜனங்கள் கையைப் பிடித்து, கிளமெண்ட் குரல்தான் குரல் என்று சொன்னால், அவர் சந்தோஷமாகப் போவார், வழியில் பரோட்டா வாங்குவார், கட்டுப்போட்ட கைக்காரிக்கு ஊட்டிவிடக்கூடச் செய்வார், ஊட்டிவிடுவார் என்பதுதான் பயங்கரம், அதையும் நான் பார்த்திருக்கிறேன். பாட்டு கெட்டால் அடுத்தது என்ன. கை ஆகிவிட்டது. அக்காவின் கழுத்து சின்னது, ஒரு கை போதும். அவர்கள் வீடு மாடி. படிக்கட்டு வெளிப்பக்கம், சிமெண்ட், கைப்பிடி கிடையாது. மேலிருந்து கீழ்வரை. ஆயர் ரெண்டு தடவை வந்தார். எங்களுக்கு ஃபாதர். நான் ஏன் படித்தேன், படிக்காமலிருந்தால் படிக்கட்டைப் பார்க்கும்போது படிக்கட்டு மட்டும் தெரிந்திருக்கும். நான் வாயை மூடி முனக வேண்டியதுதான். இறங்கின இடத்தில். இன்னொரு பாட்டு, இன்னொரு திரி, இன்னொன்று. பாட்டுக்குள் ஆண்டவருடைய நண்பர்கள் எல்லோரும் ஓடிப்போகிறார்கள், தனியாக ஒருவனை விட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார்கள், ஒரு மணி நேரம்கூடக் கூட இருக்க முடியவில்லையா என்று அவன் கேட்கிறான், அதை எழுதியவன் கை படிக்கட்டின் தலைமாட்டில் நின்ற கை. அந்தக் கை எழுதிய இடத்தில் எனக்கு அழுகை வருகிறது, அது பொய் இல்லை, நான் யாருக்காக அழுகிறேன். அவனுக்கா. அவன் தனக்காகத்தான் எழுதியிருப்பான். அவளுடைய குரல் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அத்தானும் ஒருநாள் நன்றாக அழுவார். அக்காவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அடிக்குரலில் பாடுவார். இழந்த துயரத்தில். ஜனங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். முழங்காலில் தட்டவேண்டிய கவை நழுவி விழப்பார்க்கிறது, பிடித்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு திரி. முக்கோணத்தின் உச்சியில் உள்ளது. கடைசிப் பாட்டு, கல்லறை வாயிலில் கல்லைப் புரட்டி வைக்கிற பாட்டு, அடிக்குரல் தனியாகத் தொடங்கும், பிறகுதான் நாங்கள் மேலே சேருவோம். மாஸ்டரின் உள்ளங்கை கீழே அழுத்துகிறது. தெரியும் சார். நான் தட்டுகிறேன். எலும்பில் வைக்கிறேன். மண்டைக்குள் அந்தச் சத்தம் சுத்தமாக, ஈரமில்லாமல், யாரையும் பார்க்காமல் நிறைகிறது. நான் கீழே போகவேண்டும். கீழே தேடுகிறேன். பரோட்டா, மாடிப்படி, நல்ல பிள்ளை. தொண்டை கீழே போகமாட்டேன் என்கிறது. நான் தைரியசாலி இல்லை, இன்டர்வியூவில் பெயர் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நான் எதையும் தீர்மானிக்கவில்லை. கேட்டதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. வாயை மூடி முனகினேன், வந்தது சரியான சுருதி. மாஸ்டரின் கை காற்றில் அப்படியே நின்றது. பின்னால் அத்தான் அதைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நான் துணிய மாட்டேன் என்று இருந்துவிட்டார். பழகின இடத்தில், பழகின பள்ளத்தில் தொடங்கினார். நாலு வரி தனியாக. அப்புறம் பெண்கள் நாங்கள் என் முனகலைப் பிடித்து மேலே ஏறினோம். ரெண்டும் மோதின. அரை ஸ்வர வித்தியாசம், கண்ணாடியைக் கண்ணாடியில் தேய்க்கிற மாதிரி, கோவில் முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. முன்பெஞ்சில் ஒரு பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்தார், அந்த இத்தாலிக்காரன் அப்படி எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கோயருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஆண்குரல்கள், டெனர்கள், எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். அத்தான் மட்டும் கீழே தனியாக. ஏற வேண்டியதாயிற்று. ஏறினார். எல்லோரும் கேட்க, நடுவரியில், குரல் கிழிந்தது. சேவல் கத்துகிற மாதிரி கிழிந்தது. பிறகு அவர் பாடவே இல்லை. அடிக்குரல் இல்லாமல், தரை இல்லாமல், நாங்கள் முடித்தோம். நான் என்ன செய்தேன். அக்காவைக் கொன்றுவிட்டேன். அவர் மூச்சு என் கழுத்தில் படவில்லை. மூச்சே விடாமல் நிற்கிறார்.

உபதேசியார் கடைசித் திரியை அணைக்கவில்லை, எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் போனார். முழு இருட்டு. இனி சத்தம். ஆண்டவர் இறந்தபோது பூமி அதிர்ந்ததற்கு அடையாளமாக எல்லோரும் பெஞ்சில் அடிக்க வேண்டும், திரி திரும்பி வரும்வரை. முதலில் யாரோ ஒருவர் கூச்சத்தோடு தட்டினார். அப்புறம் கோவில் மொத்தமும். பாட்டுப் புத்தகத்தால், கையால், செருப்பில்லாத காலால், மரம் மரமாக அதிர்ந்தது, கூரையிலிருந்து புறா ஒன்று படபடத்தது. முதல் அடி என் காதில் விழுந்தது. அட்டைபோட்ட பாட்டுப் புத்தகத்தின் முனை. என்னவென்று விளங்குமுன் இரண்டாவது, கன்னமும் வாயும் சேர. பல்லில் உதடு கிழிந்தது, உப்பு. தலைமுடியைச் சுற்றிப் பிடித்துப் பின்னால் இழுத்தார், காதோடு வாயை வைத்து, "ஏத்துவியாட்டி? ஏத்துவியா?" என்றார், மறுபடி அடித்தார், அவசரமே இல்லாமல், ஒன்று அடங்கினபிறகு இன்னொன்று. நான் கத்தினேன். கத்தினது எனக்கே கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான பேர் பூமியை அதிரவைத்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள் என் தலை ஒரு பெஞ்சு. ஆச்சரியம், பயம் போய்விட்டது. இதுதானா, இவ்வளவுதானா, அக்கா இதில்தான் இருக்கிறாளா என்று தோன்றியது, ஒரு வீட்டுக்குள் கடைசியாக நுழைந்துவிட்ட மாதிரி. கை விட்டது. திரி பீடத்துக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்றது. இனி யாரும் பேசக்கூடாது, தெருவுக்குப் போகும்வரை ஒரு வார்த்தை கூடாது, அது முறை. ஒற்றைத் திரி வெளிச்சத்தில் ஜனங்கள் எழுந்து அமைதியாகப் புறப்பட்டார்கள். அத்தான் என்னைத் தாண்டிப் போனார், சட்டையைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் வழிபாட்டு அமைதியோடு. முதல் பெஞ்சுக்குப் போய் அக்காவின் நல்ல கையைப் பிடித்து எழுப்பினார். அக்கா எழுந்தாள். ரெண்டு எட்டு வைத்தாள். அப்புறம் கோயர் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து ரத்தம் தாவணியில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அக்கா நின்றுவிட்டாள். அவர் இழுத்தார். "அவள அடிச்சியா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், அந்த மௌனத்தில் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. யாரோ ஒரு கிழவி, உஷ் என்றாள். "ஏல, அவளயும் அடிச்சியா நீ?" கையை உருவிக்கொண்டாள். ஃபாதர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, "டெல்ஃபின், கோவில்ல வச்சு வேண்டாம்மா, வெளிய போய்ப் பேசுவோம்" என்றார். "நான் வழுக்கல ஃபாதர்" என்றாள் அக்கா. "கதவுல வச்சு ஒடச்சான். இவன்தான் ஒடச்சான். நான் இவன்கூடப் போமாட்டேன்." அத்தான் சிரிக்கப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார், சிரிப்பில் சேர்ந்துகொள்ள யாராவது இருப்பார்கள் என்று. டெனர்கள் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா என்னிடம் வந்து, முக்காட்டை உருவி என் வாயைத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள், வலித்தது. "நட" என்றாள். "எங்கட்டி?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள், அவளும் பேசிவிட்டாள். "போலீஸ் ஸ்டேஷனுக்கு." "இந்த நாள்லயா? பெரிய வாரத்துலயா?" அக்கா கட்டுப்போட்ட வெள்ளைக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள், ஜனம் விலகிற்று, நான் பின்னால் போனேன், ஒரு காதில் இரைச்சல், ஒரு காதில் எங்கள் கால் சத்தம். வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் தெரு வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. எங்களுக்குப் பின்னால் ஓடி வந்த அம்மா அங்கேதான் என்னைச் சரியாகப் பார்த்தாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து, இருட்டில் கையால் துழாவ ஆரம்பித்தாள். "இருங்கட்டி," என்றாள், "என் செருப்பக் காணல. நானும் வாரேன்."